அனுப்புநர் முகவரி

லென்ஸுக்கு அந்தப் பெயரை வைத்தவர் தபால். தபாலுக்கு யார் வைத்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. முப்பத்தோரு வருடம் தெருத்தெருவாகக் கடிதம் கொடுத்து ஓய்வு பெற்றவரை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்? நூலகத்தின் மாடியில் புதன்கிழமைதோறும் கூடும் அந்த ஏழு பேரில் ஒருவருக்கும் வீட்டில் வைத்த பெயர் கிடையாது. அதுதான் மருந்துச் சீட்டில் இருக்கிறதே, இங்கேயும் எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

கூட்டத்தை நடத்துகிறவள் அக்கா. மனநோய் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஏழு பேரில் மூன்று பேர் அவளைவிட மூத்தவர்கள். அவர்களுக்கும் அவள் அக்காதான். மாடியில் பதினான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு டீ ஃபிளாஸ்க், ஒரு அறிவிப்புப் பலகை. டாக்டர் எந்த வியாழக்கிழமை வருவார், எந்த விண்ணப்பத்தை எந்த அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், தாங்க முடியாமல் போனால் எந்த எண்ணை அழைக்க வேண்டும், எல்லாம் அந்தப் பலகையில் அக்காவின் குண்டு எழுத்தில் இருக்கும். உள்ளே வந்தால் ஒரே ஒரு கட்டுப்பாடு. 'எப்படி இருக்கீங்க?' என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது.

"கேட்டா 'நல்லா இருக்கேன்'னு வாய் தானா பொய் சொல்லும். நமக்கெதுக்கு அந்தப் பாவம்? 'இருக்கீங்களா'ன்னு கேளுங்க. இருந்தா 'இருக்கேன்'னு சொல்லுங்க. அது போதும்" என்பாள் அக்கா.

அந்த 'இருக்கேன்'தான் பிறகு ஃபோனுக்கும் போனது. காலை எட்டு மணிக்கு முதல் ஆள் இரண்டாவது ஆளை அழைக்க வேண்டும். இரண்டு ரிங் போனதும் கட் செய்துவிட வேண்டும். எடுக்கக் கூடாது. அது 'இருக்கேன்'. இரண்டாவது ஆள் மூன்றாவது ஆளுக்கு, மூன்றாவது நான்காவதுக்கு என்று போய், ஆறாவதான தபால் ஏழாவதான லென்ஸுக்கு அடிப்பார். லென்ஸ் அக்காவுக்கு அடித்தால் அன்றைக்குத் தலை எண்ணி முடிந்தது. ஒவ்வொருவரிடமும் அடுத்த ஆளின் எண்ணும் அக்காவின் எண்ணும் மட்டும்தான் இருக்கும். இரண்டைத் தாண்டி மூன்றாவது ரிங் போனால், 'எடு, எனக்கு ஆள் வேணும்' என்று அர்த்தம். நான்கு வருடத்தில் மூன்றாவது ரிங்கை ஒருவரும் விட்டதில்லை. வெட்கம்தான், வேறென்ன. தினமும் ஃபோன் அடித்துக்கொண்டு, ஃபோனில் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாத ஏழு பேர் வேறெங்கும் இருப்பார்களா என்பது சந்தேகம்.

லென்ஸுக்கு ஐம்பது வயது. ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை. முன்னால் கடையில் கண் பரிசோதித்து, ஃபிரேம் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும், பவர் எழுதிய சீட்டு ஒரு பழுப்பு உறையில் அவனிடம் வரும். வட்டமான லென்ஸை மெஷினில் மாட்டி, ஃபிரேமின் வடிவத்துக்கு ஓரம் தேய்த்து, சட்டத்தில் பொருத்திப் பார்த்து, உறையில் போட்டு முன்னால் அனுப்ப வேண்டும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே அந்த மெஷின் போடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால்தான் அவனுக்கு அந்த வேலை பிடிக்கும். மண்டைக்குள் இருபது வருடமாகப் பேசிக்கொண்டிருப்பவர்களும் அங்கே வாயை மூடிக்கொண்டு கிடப்பார்கள். மாலையில் மெஷினை நிறுத்தியதும்தான் அவர்களுக்கு வேலை நேரம் தொடங்கும்.

மாத்திரையில் அந்தப் பேச்சு முணுமுணுப்பாகத் தேய்ந்திருந்தது. ஆனால் ஆறு மாதமாகப் புதிதாக ஒன்று: ஃபோன் அடிக்கும் சத்தம். பாய்ந்து எடுத்துப் பார்ப்பான். திரை இருட்டாகக் கிடக்கும். அழைப்புப் பட்டியலில் எதுவும் இருக்காது. ஒரு முறை கடையில் லென்ஸை மெஷினோடு விட்டுவிட்டு ஓடியதில் அது விரிசல் விட்டது. இன்னொரு முறை தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து வாயில் சோற்றோடு எழுந்து ஓடினான். அதற்குப் பிறகு, அதே வீட்டு மாடியில் இருக்கும் அவன் அறைக்கே சாப்பாடு வரத் தொடங்கியது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுக்குப் பாத்திரம் மட்டும் படியில் வந்து உட்கார்ந்தது.

புதன்கிழமைக் கூட்டத்தில் அவன் அதைச் சொன்னான். "இனிமே முடிவு பண்ணிட்டேன். காலையில எட்டு மணிக்கு அடிச்சா தபாலண்ணன். மத்த நேரத்துல அடிச்சா என் மண்டை. எனக்கு வேற யாரு ஃபோன் பண்ணப் போறா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நிஜமாகவே அவனுக்கு வேறு யாரும் ஃபோன் செய்வதில்லை.

தபால் மட்டும் சிரிக்காமல் டீயை ஊதிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் வழக்கமான வசையில் இருந்தார். "இந்த அனுப்புநர் முகவரி எழுதாதவனை எல்லாம் என்ன பண்றது? பெறுநரை மட்டும் வளைச்சு வளைச்சு அழகா எழுதிடுவான். அங்க ஆள் இல்லேன்னா நான் யார்கிட்ட திருப்பிக் கொண்டு போறது? அவன் மாமனார்கிட்டயா?"

"உங்களுக்கு யாராச்சும் கடிதம் போடுவாங்களாண்ணே?" என்று லென்ஸ் கேட்டான்.

"எனக்கா?" தபால் கோப்பைக்குள் பார்த்தார். "முடி வளர்ற எண்ணெய் விளம்பரம்கூட வந்ததில்ல, தம்பி."

*

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். தம்பி மகளுக்குக் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளையும் அவனுடைய அப்பா அம்மாவும் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். பெரியப்பா கீழே வந்து உட்காராவிட்டால் தானும் உட்கார மாட்டேன் என்று அந்தப் பெண் ஒற்றைக் காலில் நின்றுவிட்டாள். அதனால் தம்பி காலையில் மாடிப்படி ஏறி வந்தான். அறைக்குள் வராமல் நிலைப்படியிலேயே நின்றான்.

"அண்ணா, வர்றவங்க புதுசு. கொஞ்சம்..."

"புரியுதுடா. எழுந்து ஓட மாட்டேன்."

லென்ஸ் சட்டையை இரண்டு முறை மாற்றினான். அந்த மேசையில் உட்கார்ந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. சாப்பிடுவதற்காக அவ்வளவு ஆசைப்பட்டான் என்று நினைக்க வேண்டாம். நான்கு பேர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, உப்பை இந்தப் பக்கம் தள்ளுங்கள் என்று யாராவது தன்னிடம் சொல்வதற்காகத்தான். ஃபோனை வேண்டுமென்றே மாடியிலேயே, தலையணை மேல் வைத்துவிட்டு இறங்கினான். கையில் இருந்தால்தானே எடுத்துப் பார்க்கத் தோன்றும்.

மாப்பிள்ளையின் அப்பா முழங்கால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசத் தொடங்கி, மயக்க மருந்து வரைக்கும் வந்திருந்தார். அப்போது மேலே ஃபோன் அடித்தது.

லென்ஸ் எல்லா முகங்களையும் பார்த்தான். ஒருவரும் தலை தூக்கவில்லை. தம்பி பரிமாறிக்கொண்டிருந்தான். தம்பி மனைவி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சரி, வந்துவிட்டாயா என்று அவன் தன் மண்டையிடம் சொல்லிக்கொண்டான். நின்றது. மறுபடி அடித்தது. நின்றது. மறுபடி. கால்கள் எழுந்து நிற்கத் துடித்தன. மேசைக்கு அடியில் நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான். தம்பி மகள் அவனையே பார்ப்பதைக் கண்டு சிரித்துவைத்தான்.

"எந்தக் காலுங்க?" என்று மாப்பிள்ளையின் அப்பாவிடம் கேட்டான். மனிதர் குளிர்ந்துபோய்க் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

பதினொரு முறை அடித்தது. அவன் எண்ணினான். பதினொன்றாவது முறைக்குப் பிறகு ஒரேயடியாக நின்றது. ஆறு மாதத்தில் முதல் முறையாக ஜெயித்துவிட்டோம் என்று அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வரும் புதன்கிழமை இதைச் சொன்னால் அக்கா கை தட்டுவாள் என்று நினைத்தான். இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

விருந்தாளிகள் போனதும் தம்பி அவன் தோளில் கை வைத்தான். "நல்லா இருந்துச்சுண்ணா." அந்தக் கை தோளில் இருந்த நேரம் கொஞ்சம்தான்.

தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த தம்பி மனைவி திரும்பினாள். "மாமா, உங்க ஃபோன் மேல அடிச்சுக்கிட்டே கெடந்துச்சே. நானாவது போய்ப் பாக்கலாமான்னு இருந்துச்சு. விருந்தாளிங்க முன்னாடி எதுக்குன்னு விட்டுட்டேன்."

லென்ஸ் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான்.

"உனக்கும் கேட்டுச்சாம்மா?"

"நல்லா கேட்டீங்க. தெருவுக்கே கேட்டிருக்கும்."

படிகளை இரண்டிரண்டாக ஏறினான். திரையில் பதினொரு தவறிய அழைப்புகள். பதினொன்றும் தபால்.

திருப்பி அடித்தான். ஃபோன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் பதவிசாகச் சொன்னது. அக்காவுக்கு அடித்தான். நான்கு வருடத்தில் முதல் முறையாக அவன் மூன்றாவது ரிங்கை விட்டான். அக்கா உடனே எடுத்தாள். அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அவள் உறவினர் வீட்டு விஷயமாகப் பக்கத்து ஊரில் இருந்தாள்.

"நான் இப்பவே கெளம்புறேன். வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆயிடும். உனக்குத்தான் கிட்ட. முகவரி சொல்றேன், எழுதிக்கோ. கதவை உடைக்காத, கத்தாத, கூட்டம் சேக்காத. உள்ள இருக்காரான்னு மட்டும் பாரு. அசைவே இல்லேன்னா பலகையில இருக்கற நம்பருக்கு அடி. இருந்தாருன்னா, நீ இருக்கேன்னு அவருக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

கீழே தம்பி வாசலில் நின்றிருந்தான். "நீ அங்க போய் என்னண்ணா பண்ணப் போறே?"

கேலியாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டான். லென்ஸ் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் இருந்தது. அவன் கம்பியைப் பிடித்தபடி நின்றே போனான். இரண்டாவது ரிங் முடிந்தும் முடியாமலும் கட் செய்யும் மனிதர் பதினொரு முறை விடாமல் அடித்திருக்கிறார். தனக்கு யாருமே ஃபோன் செய்ய மாட்டார்கள் என்று உட்கார்ந்திருந்தவன், ஒருவர் செய்தபோது அதை நோய் என்று ஒதுக்கிவிட்டு இரண்டாவது முறை சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான். அதை நினைக்க நினைக்க அவனுக்கு ஆறவில்லை. அவர் உயிரோடு இருந்தால் போதும் என்று மனசுக்குள் யாரிடம் என்றில்லாமல் கெஞ்சிக்கொண்டே வந்தான்.

*

பழைய நான்கு மாடிக் கட்டடம். கீழே வரிசையாகத் தபால் பெட்டிகள். எல்லாவற்றிலும் விளம்பரத் தாள்கள் பிதுங்கிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு பெட்டி மட்டும் தூசி துடைத்து, உள்ளே காலியாக, பளபளவென்று இருந்தது. எண்ணைப் பார்க்காமலேயே அது யாருடையது என்று லென்ஸுக்குத் தெரிந்துவிட்டது.

மூன்றாம் மாடியில், நடையின் கடைசிக் கதவு. தட்டினான். பதில் இல்லை. குனிந்து பார்த்தான். கதவுக்கு அடியில் விரலளவு இடைவெளி, அதில் வெளிச்சம், வெளிச்சத்தின் நடுவில் இரண்டு பாதங்களின் நிழல்.

ஆள் இருக்கிறார். லென்ஸ் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"தபாலண்ணே! நான்தான், லென்ஸ்."

நிழல் சட்டென்று பின்வாங்கியது. "போயிடு," என்றது உள்ளேயிருந்து குரல். "நீ வரல. எனக்குத் தெரியும். இனிமே தெறக்க மாட்டேன்."

மறுபடி தட்டக் கையை ஓங்கியவன் நிறுத்திக்கொண்டான். வேறு யாராவது அங்கே நின்றிருந்தால் கதவை இன்னும் பலமாக இடித்திருப்பார்கள். இன்னும் சத்தமாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள். லென்ஸுக்கு அது எங்கே போய் முடியும் என்று தெரியும். மதியம் மேசைக்கு அடியில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தபடியேதான் தபால் இப்போது உள்ளே நிற்கிறார். தட்டத் தட்ட இன்னும் இறுகப் பிடித்துக்கொள்வார். தெரிந்தவர் குரலுக்கும் மதிப்பில்லை. அவனுடைய மண்டைக்குள் இருக்கிறவர்களில் ஒருத்தி செத்துப்போன அம்மாவின் குரலிலேயே பேசுகிறாள்.

சட்டைப் பையைத் தடவினான். கடையின் பழுப்பு உறை ஒன்றும் பென்சிலும் எப்போதும் அதில் இருக்கும். 'நான் லென்ஸ். கதவுக்கு வெளியே நிற்கிறேன். இது நிஜம்' என்று பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதி உறைக்குள் போட்டான். உறையின் மேல், 'பெறுநர்: தபால், மூன்றாம் மாடி, கடைசி அறை' என்று எழுதினான். தரையில் உட்கார்ந்து, கதவுக்கு அடியில் தள்ளினான்.

எதிர் அறைக்காரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "யாரு வேணும்?"

"லெட்டர் குடுக்க வந்தேங்க."

"அவருக்கா?" என்றாள் அவள், நம்பாமல். கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே காலடி வந்தது. காகிதம் தரையிலிருந்து எழும்பும் சத்தம். பிறகு வெகு நேரம் ஒன்றுமில்லை. நடையின் கோடியில் இருந்த ஜன்னலில் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. லென்ஸ் கையைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தான்.

உறை திரும்பி வந்தது. கதவுக்கு அடியிலிருந்து மெதுவாக, ஓரம் மடங்காமல் வந்தது. பிரிக்கவே இல்லை. இடப்பக்க மூலையில், வளைத்து வளைத்து எழுதிய அழகான எழுத்தில் ஒரே சொல்: 'அனுப்புநர்?'

லென்ஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. பென்சிலை எடுத்தான். 'லென்ஸ்' என்று எழுதினான். அதற்குக் கீழே கதவு எண், தெரு, மாடி அறை, வெளிப்படிக்கட்டு வழியாக வரவும் என்று முழுசாக எழுதினான். அந்த முகவரியை அவனிடம் யாரும் கேட்டதில்லை. எழுதும்போது தெருப் பெயரில் ஒரு எழுத்து தப்பாகி, அடித்துத் திருத்த வேண்டியிருந்தது.

உறையை மறுபடி தள்ளினான். இந்த முறை பிரிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் தாழ்ப்பாள்.

தபால் ஒரு வாரத்துத் தாடியோடு நின்றார். லென்ஸின் சட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "பட்டன் ஒண்ணு இல்ல," என்றார். "நெசந்தான். உள்ள வா."

ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி. மேசையில் ஃபோனும் அதிலிருந்து கழற்றிய பேட்டரியும் தனித்தனியாகக் கிடந்தன. தபால் கட்டிலில் உட்கார்ந்து, லென்ஸுக்கு நாற்காலியைக் காட்டினார்.

"காலையில உனக்கு ரெண்டு ரிங் விட்டேன்ல, அதுக்கப்புறம் ஆரம்பிச்சது. கதவைத் தட்டி 'சார், தபால்'னு கூப்பிடுறாங்க. என் குரல்தான். நான் வேலையில இருந்தப்போ கூப்பிடுவேனே, அதே குரல். ஏழு தடவை தெறந்தேன். ஒவ்வொரு தடவையும் கையை நீட்டிக்கிட்டே தெறந்தேன், பாத்துக்க." அவர் தன் வலது கையைப் பார்த்தார். "அக்காவுக்கு அடிச்சா வார்டுல போட்டுருவாளோன்னு பயம். எனக்கு ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான். கூட நின்னு நெசமா பொய்யான்னு சொல்றதுக்கு."

"மாத்திரை?"

"வெள்ளையா இருந்துச்சு. இந்த மாசம் மஞ்சளா குடுத்தாங்க. ஆள் மாறி வந்ததை நான் வாங்கறதில்ல."

"எத்தனை நாளாச்சுண்ணே?"

"பன்னெண்டு."

அக்கா பார்த்துக்கொள்வாள். அவன் சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல் அந்த நாற்காலியில் உட்கார அவனால் முடியவில்லை.

"அண்ணே, நீங்க அடிச்சது எனக்குக் கேட்டுச்சு. பதினொண்ணும் கேட்டுச்சு. என் மண்டைதான்னு நெனச்சு எடுக்காம உக்காந்திருந்தேன்."

தபால் அவனை நிமிர்ந்து பார்த்தார். லென்ஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"வந்தது நெசம். நீ எடுக்கல," என்றார் தபால் நிதானமாக. "எனக்கு வந்தது பொய். நான் ஓடி ஓடிப் போய்த் தெறந்தேன். நம்ம ரெண்டு பேரையும் போய் வரிசையில அடுத்தடுத்து போட்டா பாரு அக்கா!"

அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் தபாலின் முகம் மெல்ல மாறியது. கதவைப் பார்த்தார்.

"இப்ப தட்டுறாங்க."

லென்ஸ் காது கொடுத்துக் கேட்டான். "இல்லண்ணே."

"நிச்சயமா?"

"எனக்குக் கேக்கல."

தபால் தலையாட்டினார். ஒரு நிமிடம் போனது. "இப்ப?"

"இல்லண்ணே."

"இப்ப?"

"இல்ல."

இருபது வருடத்தில் லென்ஸின் காதை நம்பி ஒருவரும் எதுவும் கேட்டதில்லை. அவன் ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்து, கீழே தெருவில் போகும் வண்டிச் சத்தத்தைத் தனியாகப் பிரித்து, எதிர் அறையில் பாத்திரம் உருள்வதைத் தனியாகப் பிரித்து, கவனமாகக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொன்னான். ஃபிரேமில் லென்ஸ் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்குக்கூட அவன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. தபால் கேட்டுக்கொண்டே இருந்தார். அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். ஜன்னலில் வெயில் இறங்கியது.

அப்போது கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு.

தபால் எதுவும் கேட்கவில்லை. அவனையே பார்த்தார்.  தனக்குக் கேட்டதைத் தானே நம்பித்தான் சொல்ல வேண்டும். எடுத்துப் பார்க்க இங்கே ஃபோனில் இருப்பதுபோல் பட்டியல் எதுவும் கிடையாது.

"தட்டுறாங்கண்ணே," என்றான்.

"உனக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. நெசந்தான். அக்காவா இருக்கும்."

தபால் எழுந்தார். சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். பழுப்பு உறையை மேசையில் வைக்காமல் கையிலேயே பிடித்தபடி போய்க் கதவைத் திறந்தார்.